ஆற்றங்கரை ஊரில் வீட்டுக்கு வேலி

வேலி என்னும் சொல்லுக்கு நம் நாட்டில் இரண்டு பொருள் உண்டு. மனையையும் தோட்டத்தையும் காக்கும் அடைப்பு ஒன்று. தஞ்சைத் தரணியில் நன்செய் நிலத்தை அளந்த அளவு மற்றொன்று. இருபது மா சேர்ந்தது ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஆறரை ஏக்கருக்குச் சற்று மிகும். காப்பதும் அளப்பதும் ஒரே சொல்லில் அமைந்தது தற்செயலோ அன்றோ, அதனை மொழியறிஞர் ஆராயட்டும். வேலி போட எண்ணும் நமக்கு அதில் ஒரு குறிப்பு இருக்கிறது: அளந்த பிறகே அடைக்க வேண்டும்.

மேட்டூருக்குக் கீழே காவிரியின் இரு கரைகளிலும் ஊர்கள் எதிரெதிராக அமைந்துள்ளன. மேற்கே ஜமக்காளத்துக்குப் பேர்போன பவானி. ஆற்றைக் கடந்தால் குமாரபாளையம். மேற்கே ஈரோடு, கிழக்கே பள்ளிபாளையம். இவ்வூர்களில் தறிக்காரரும் தோட்டக்காரரும் அடுத்தடுத்த தெருக்களில், சில இடங்களில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். தறிக்காரருக்கு வெயிலும் காற்றும் வரும் வாசலும், பாவு நீட்ட நீண்ட வெளியும் வேண்டும். தோட்டக்காரருக்கு ஆடு மாடு நுழையாத அடைப்பு வேண்டும். இரண்டு தேவைகளும் நியாயமானவை. இரண்டும் ஒரே மனையின் ஓரத்தில் சந்திக்கும்போதுதான் வழக்குப் பிறக்கிறது. சங்க அலுவலகத்துக்கு நூல், உரம், கடன் என்று வரும் உறுப்பினர்கள், வந்த காரியம் முடிந்தபின் மெல்லத் தொடங்கும் பேச்சு பெரும்பாலும் எல்லையைப் பற்றியதாகவே இருக்கிறது. ஆகவே அதனைச் சற்று விரிவாக எழுதுவது பயனுடையதென்று கருதுகிறோம்.

முதலில் கல், பிறகு கால்

வேலிக்காலை நடுவதற்கு முன் அளவைக் கல்லைத் தேடவேண்டும். கிரயப் பத்திரத்தில் நான்கெல்லையும் அடிக்கணக்கும் எழுதியிருக்கும். அதுவே போதுமென்று பலர் எண்ணுகின்றனர். பத்திரம் என்பது விற்றவரும் வாங்கியவரும் தமக்குள் எழுதிக்கொண்டது. ‘கிழக்கே இன்னார் மனை, மேற்கே சந்து’ என்று அதில் கண்டிருந்தாலும், சந்தின் அகலத்தை அவ்விருவரும் தம் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் இயலாது. அரசாங்கத்தின் கணக்கு வேறிடத்தில் இருக்கிறது. பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும். நகர அளவை நடந்த இடங்களில் நகர நிலஅளவைப் பதிவேட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவற்றின் நகல்களை இக்காலத்தில் இணையத்திலும் பெறலாம். படித்த பிள்ளை ஒருவன் வீட்டில் இருந்தால் அரை மணி நேரத்து வேலை.

புலப்படம் என்றவுடன் பலருக்கு ஒரு மலைப்பு ஏற்படுகிறது. அதற்குத் தேவையே இல்லை. பழைய படங்களில் அளவு அடியிலும் இராது, மீட்டரிலும் இராது. ‘லிங்க்ஸ்’ என்ற கணக்கில் இருக்கும். அக்காலத்துச் சர்வேயர்கள் நிலத்தில் இழுத்துச் சென்ற சங்கிலியின் கண்ணி அது. சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள். ஆகவே ஒரு கண்ணி என்பது 0.66 அடி, அதாவது எட்டு அங்குலத்துக்கு இம்மி குறைவு. படத்தில் 50 என்று கண்டால் அது 33 அடி. இந்தப் பெருக்கல் தெரியாத காரணத்தால் ஐம்பதை ஐம்பது அடியென்று எண்ணி அண்டை வீட்டுக்காரரோடு மல்லுக்கு நின்றவர்கள் உண்டு. பின்னாளில் வந்த படங்கள் மீட்டர் கணக்கில் உள்ளன. எந்தக் கணக்கில் உள்ளதென்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் பெரும் பணி நடந்தது, யு.டி.ஆர். என்ற மூன்றெழுத்தில் அது இன்றும் வழங்குகிறது. கிராமந்தோறும் பதிவுகளைத் திருத்திய அப்பணியில் உட்பிரிவு எண்ணிலும் பெயரிலும் விஸ்தீரணத்திலும் சில பிழைகள் நேர்ந்தன. அப்பிழை தம் பட்டாவில் இருக்கக் கண்டால், அதைத் திருத்திக்கொண்ட பிறகே வேலி வேலையைத் தொடங்கவேண்டும். பிழையான பட்டாவை நம்பி நட்ட காலைப் பிடுங்கி நடுவது இருமடங்குச் செலவு.

மூன்று தாள்களும் ஒத்துப்போனாலும் நிலத்தில் கல் இருக்கிறதா என்பது தனிக்கேள்வி. 1923ஆம் ஆண்டின் நிலஅளவை எல்லைச் சட்டப்படி, தம் நிலத்தில் உள்ள அளவைக் கற்களைப் பேணும் பொறுப்பு நிலத்துக்கு உடையவரையே சாரும். இதைப் பலர் அறியார். கல்லைத் துணி துவைக்கவும், வாசற்படிக்கு முட்டுக்கொடுக்கவும் பெயர்த்தெடுத்த வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். கல் காணாமற் போயிருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, அத்துக் காட்டித் தரும்படி விண்ணப்பிக்கலாம், இணையவழியாகவும் விண்ணப்பிக்கலாம். சர்வேயர் வரும் நாளை அண்டை நிலத்தார்க்கும் தெரிவிப்பார்கள். அன்று அவர்களும் நேரில் நிற்கவேண்டும் என்பது முக்கியம். அவர்கள் ஊரில் இல்லாத நாளில் அளந்துவிட்டுப் பிறகு கல்லைக் காட்டினால், அந்த அளவை ஏற்பவர் எவருமில்லை. ‘வேலிக்கு ஓணான் சாட்சி’ என்ற பழமொழி இப்படி அளந்த அளவைக்காகவே பிறந்தது போலும்!

ஒரு சந்தின் கதை

காவிரிக் கரையில், பவானிக்குக் கீழே உள்ள ஓர் ஊரில் நம் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே கூறலாம். ஊரையும் பெயரையும் குறிப்பிட வேண்டியதில்லை. அவருடைய மனை, தெருவிலிருந்து படித்துறைக்கு இறங்கும் சந்தின் கீழ்ப்புறத்தில் உள்ளது. வீட்டுக்குள் இரண்டு தறிகள்; வீட்டுக்குப் பின்னே கொஞ்சம் வாழையும் கறிவேப்பிலையும். 2022ஆம் ஆண்டு வெள்ளம் வடிந்த பிறகு, பின்கட்டில் நட்டதெல்லாம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போய்விடுகிறதென்று வேலி போட முடிவு செய்தார். பத்திரத்தில் கிழமேல் 40 அடி என்று கண்டிருந்தது. கல்தச்சரிடம் கல்காலுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார்.

அவருடைய மருமகள் கணக்குப் படித்தவர். புலப்படத்தை வாங்கிப் பார்த்த அப்பெண், கிழமேல் அளவு 58 கண்ணி என்றிருப்பதைக் கண்டார். 58 கண்ணி என்றால் 38 அடி மூன்றரை அங்குலத்துக்கு மேற்படாது. பத்திரத்துக்கும் படத்துக்கும் இடையில் ஒன்றேமுக்கால் அடி வேறுபாடு. “போகட்டும் மாமா, ஒன்றேமுக்கால் அடிதானே என்று விட்டுவிடலாமா?” என்று அவர் கேட்டதற்கு, “விடுவதா? என் அப்பா பணம் கொடுத்து வாங்கியதம்மா!” என்று பெரியவர் பதில் கூறினாராம். பணம் கொடுத்தது உண்மை. ஆனால் விற்றவருக்கு இல்லாத நிலத்தை அவர் விற்றிருக்க முடியாது என்பதும் உண்மை.

அந்த ஒன்றேமுக்கால் அடி எங்கிருந்து வரும்? சந்திலிருந்துதான் வரவேண்டும். சந்து படத்தில் 15 கண்ணி. பத்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பெரியவர் பத்திரப்படி காலை நட்டால் சந்து எட்டடியாகும். எதிர்ப்புறத்து வீட்டின் படிக்கட்டும் துவைக்கும் கல்லும் ஏற்கெனவே இரண்டடி சந்துக்குள் வந்துவிட்டன. மிஞ்சுவது ஆறடி. ஆறடியில் ஆள் நடக்கலாம், சைக்கிள் போகலாம். நூல் மூட்டை ஏற்றிய வண்டி போகாது. நோயாளியைச் சுமந்துவரும் ஆம்புலன்ஸ் உள்ளே நுழையாது. பாடை தூக்குவோர் நால்வர் இருபுறமும் தோள்கொடுத்துத் திரும்ப முடியாது.

இவற்றைவிடப் பெரிய காரியம் ஒன்றுண்டு. 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு இலட்சம் கனஅடியளவில் நீர் திறக்கப்பட்டபோது, பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களின் கரையோரத் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. மக்கள் முகாம்களில் தங்க நேர்ந்தது. அவ்வேளையில் கீழ்த்தெரு மக்கள் மேட்டுக்கு ஏறிவந்த வழி அந்தச் சந்துதான். தறிச் சாமான்களையும், அரைகுறையாக நெய்த பாவையும், கைக்குழந்தைகளையும், கறவை மாடுகளையும் அவ்வழியாகவே கொண்டுவந்தார்கள். பெரியவரும் அவ்வழியாகத்தான் வந்தார். மருமகள் இதனை வாய்விட்டுச் சொல்லவில்லை. படத்தையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு மாமனாரைச் சந்துக்கு அழைத்துச் சென்று இரண்டு முனையிலும் பிடித்துக் காட்டினார். பெரியவர் கல்தச்சரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு அத்துக் காட்ட விண்ணப்பித்தார். அளந்ததில் படமே சரியென்று ஏற்பட்டது. எதிர்வீட்டின் படிக்கட்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அதைப் பின்னர்க் கூறுவோம்.

ஆற்றுக்கும் தெருவுக்கும் உள்ள பாத்தியதை

இச்சந்து போன்ற வழிகள் யாருக்குச் சொந்தம்? 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. பொதுச் சாலைகள், தெருக்கள், சந்துகள், பாதைகள், அவற்றின் ஓரத்துப் பள்ளங்கள், கரைகள், வேலிகள், ஆறு ஓடை ஏரிகளின் படுகை, வாய்க்கால்கள் ஆகியவை, பிறருக்கு உரியவை என்று ஏற்பட்டாலொழிய, அரசாங்கத்தின் உடைமை என்று அச்சட்டம் வகுக்கிறது. பாதையோரத்து வேலியையும் அதில் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பதை நம் உறுப்பினர்கள் கவனிக்கவேண்டும். இத்தகைய நிலத்தில் அனுமதியின்றி அடைத்தவரை, முன்னறிவிப்புக் கொடுத்து விளக்கம் கேட்டபின் வெளியேற்ற வருவாய்த்துறைக்கு அதிகாரம் உண்டு. நட்ட காலும் இழுத்த கம்பியும் அதோடு போகும்.

‘பல வருஷமாக அடைத்துத்தான் வைத்திருக்கிறேன்’ என்பது நாம் அடிக்கடி கேட்கும் வாதம். தனியார் ஒருவருக்கு எதிராக அனுபோகத்தைக் காட்டி உரிமை கொண்டாடப் பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டும் என்றால், அரசாங்க நிலத்துக்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் வைத்திருப்பது முப்பது ஆண்டுகள். அந்த அனுபோகமும் வெளிப்படையாகவும் இடைவிடாமலும் உரிமையாளருக்கு எதிராகவும் நடந்ததென்று நிரூபிக்கவேண்டும். பொதுப்பாதையிலும் நீர்நிலையிலும் இந்த வாதத்தை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை நிரப்பிக் கட்டிய வீடுகளைப் பற்றிய வழக்கில் 2011ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நெடுநாள் ஆக்கிரமிப்பும் பெருஞ்செலவில் கட்டிய கட்டடமும் பொது நிலத்தை வைத்துக்கொள்ளக் காரணமாகா என்று கூறியது.

அடுத்த வீட்டாரின் வழிநடைப் பாத்தியதை வேறொன்று. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், இருபது ஆண்டுகள் தடையின்றி, உரிமையாக எண்ணி ஒரு வழியைப் பயன்படுத்தி வந்தவருக்கு அவ்வழியில் உரிமை ஏற்படுவதாகக் கூறுகிறது. ஆகவே நம் பட்டா நிலத்துக்குள்ளேயே ஒரு நடைபாதை இருந்து, பின்வீட்டார் பாட்டன் காலந்தொட்டு அதன் வழியே ஆற்றுக்குப் போய்வருவார்களானால், வேலி போடும்போது அங்கே ஒரு படல் வைத்துக்கொடுப்பதே முறை. படலுக்கு ஆகும் செலவு மூங்கிலும் கயிறும். வழக்கறிஞருக்கு ஆகும் செலவை நாம் எழுதவேண்டியதில்லை.

ஆற்றோரத்து மனைக்காரர்கள் ‘அ’ பதிவேட்டில் தம் நிலத்துக்கு அடுத்த எண் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். ஆற்றுப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று கண்டிருந்தால், அவ்வெல்லையைத் தாண்டி ஒரு கழியும் நடலாகாது. கரைக்குள் படுகை நிலங்கள் சிலவற்றுக்குப் பட்டாவும் உண்டு. வாழை, மூங்கில், கோரை ஆகியவை அங்கே விளைகின்றன. பட்டா இருப்பதனாலேயே படுகையில் சுவர் எழுப்பலாம் என்று கொள்ளக்கூடாது. 1884ஆம் ஆண்டின் ஆறுகள் பாதுகாப்புச் சட்டப்படி எல்லை அறிவிக்கப்பட்ட ஆற்றுப் பகுதிகளில், நீரோட்டத்தைத் தடுக்கும் அமைப்புகளுக்கு அதிகாரியின் அனுமதி வேண்டும். இப்பொறுப்பு முன்னர்ப் பொதுப்பணித்துறையிடம் இருந்தது. 2021 முதல் நீர்வளத்துறை தனித்துறையாக இயங்குவதால், அவ்வலுவலகத்தில் கேட்கவேண்டும்.

வெள்ளம் வேலியை எப்படிப் பார்க்கிறது

மேட்டுநிலத்து வேலிக்கும் கரையோரத்து வேலிக்கும் உள்ள பெரிய வேறுபாடு வெள்ளத்தில்தான் தெரியும். கம்பிவலை வேலி வழியாகத் தண்ணீர் எளிதாகப் போய்விடும் என்று தோன்றும். தெளிந்த தண்ணீர் போகும். ஆனால் வெள்ளம் தெளிந்த தண்ணீரைக் கொண்டுவருவதில்லை. ஆகாயத்தாமரை, வாழைமட்டை, வைக்கோல், கந்தல், பிளாஸ்டிக் பை எல்லாம் சேர்ந்து வருகின்றன. வலையின் கண்கள் சிறிது நேரத்தில் அடைபடும், வேலி சுவராகிவிடும். பிறகு நீர் வேறு வழி தேடும். அந்த வேறு வழி பெரும்பாலும் அடுத்த வீடு.

சுவருக்கு நேர்வதைக் கணக்கிட்டும் காட்டலாம். சுவரின் ஒருபுறம் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கி, மறுபுறம் காய்ந்திருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 500 கிலோ எடை தள்ளுகிறது. நீரின் உயரம் இரண்டு மீட்டரானால் தள்ளும் எடை இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு, 2,000 கிலோ. நாலரை அங்குலச் செங்கல் சுவர் இதைத் தாங்குமா? கரையோரத் தெருக்களில் வெள்ளத்துக்குப் பிறகு மதில்கள் முழுநீளத்துக்கும் படுத்துக்கிடப்பதன் காரணம் இதுவே. அச்சுவர் சரியும்போது கீழே மனிதர் இருந்தால் என்னாகும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆகையால் ஆற்றோரத்தில் மதிலை விரும்புவோர், அடிமட்டத்தில் நான்கைந்தடிக்கு ஒன்றாக நீர்க்கண் விட்டுக் கட்டவேண்டும். அக்கண்களை எலிக்குப் பயந்து சிமெண்டால் அடைத்துவிடக் கூடாது. வேலி போடுவோர், நீரோட்டத்துக்குக் குறுக்கே வரும் பக்கத்தில் நெருங்கிய வலையைத் தவிர்த்து, அகன்ற இடைவெளியுள்ள கம்பிகளை மட்டும் இழுப்பது நன்று. ஆற்றுக்கு இணையாக ஓடும் பக்கத்தில் இவ்வளவு கவலையில்லை. செத்தை அங்கே உராய்ந்து போய்விடும். வெள்ள அறிவிப்பு வந்ததும் கழற்றிவிடக்கூடிய படலைக் குறுக்குப் பக்கத்தில் வைப்பது எல்லாவற்றினும் மேல்.

எந்த வேலி நல்லது?

கொங்கு நாட்டு மேட்டுக்காட்டில் கிளுவை வேலிக்கு நிகர் வேறில்லை. கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவையை நெருங்க நட்டு, ஆண்டுதோறும் கழித்துவிட்டு, காங்கயம் மாடும் நுழையாத அரணாக்கியிருக்கிறார்கள். போத்தை வெட்டி ஊன்றினால் வேர்பிடிக்கும். செலவு கூலி மட்டுமே. ஆனால் கிளுவை வறண்ட நிலத்துச் செடி. தண்ணீர் தேங்கும் கரையோரத்துக்கு அது ஏற்றதன்று. அங்கே நொச்சியை நடலாம். நொச்சியை ஆடு கடிக்காது, ஈரத்தைப் பொறுக்கும், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தழையைக் குதிருக்குள் போட்டால் வண்டு அண்டாது என்பது தோட்டக்காரர் யாவரும் அறிந்தது. நொச்சிக்கு முன்னால், ஆற்றுச் சரிவில் ஒரு வரிசை வெட்டிவேரை வைத்தால் கரை கரையாது. மூங்கிலையும் சிலர் நடுகிறார்கள். அது புதராகப் பரந்து எல்லையைத் தாண்டும் இயல்புடையது. ஆதலால் அண்டை வீட்டாரோடு சமாதானமாக இருக்க விரும்புவோர் மூங்கிலைத் தம் நிலத்துக்குள் நன்றாகத் தள்ளி நடவேண்டும்.

சீமைக் கருவேலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘வேலிகாத்தான்’ என்ற பெயரையே அது பெற்றுவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிநாட்டிலிருந்து விதை தருவித்து நடப்பட்ட இம்மரம், வேலியைக் காத்ததோடு நில்லாமல் நிலத்தையும் ஏரியையும் ஆற்றுப் படுகையையும் பிடித்துக்கொண்டது. அதை அகற்ற நீதிமன்ற உத்தரவுகள் பிறந்த பிறகும், அயல் களைத் தாவரங்களை ஒழிக்கத் தமிழக அரசு 2022இல் கொள்கை வகுத்த பிறகும், புதிதாக ஒருவர் அதை வேலிக்கு விட்டுவைப்பது எவ்வகையிலும் பொருந்தாது. உலர்ந்த முள்ளை வெட்டி அடைப்பதில் தவறில்லை. அதன் காய் ஒன்றும் நிலத்தில் உதிராதபடி பார்த்துக்கொள்ளட்டும்.

கல்காலும் முள்கம்பியும் போடுவோர்க்கு: ஏழடிக் காலில் இரண்டடியாவது மண்ணுக்குள் போகவேண்டும். வண்டல் மண்ணில் இன்னும் அரையடி கூடுதலாக இறக்கலாம். காலுக்குக் கால் எட்டடிக்கு மிகாதிருப்பது நலம். மூலைக்காலுக்கும் வாசற்காலுக்கும் முட்டுக்கால் கொடுக்காவிட்டால் கம்பி இழுத்த மறுமாதமே அவை உள்நோக்கிச் சாயும். தெருவோரத்தில் குழந்தைகள் ஓடும் உயரத்தில் முள்கம்பி வேண்டாம். அங்கே வெறுங்கம்பி போதும். மதிலின்மேல் உடைந்த கண்ணாடி பதிக்கும் வழக்கத்தை நாம் விரும்பவில்லை. அது திருடனைத் தடுத்த கதையைவிடப் பக்கத்துவீட்டுப் பிள்ளையின் கையைக் கிழித்த கதைகளே மிகுதி.

வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது பெருங்குற்றம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிக்கு அருகே நிலத்தைச் சுற்றிய சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டதை நாடே அறிந்தது. விட்டுவிட்டுத் துடிக்கும் குறைந்த ஆற்றல் கொண்ட வேலிகளுக்கும் பதிவும் அனுமதியும் வேண்டுமென்று அதே ஆண்டில் தமிழக அரசு விதிகள் செய்தது. ஈரமண்ணும் தண்ணீரும் சூழ்ந்த கரையோரத் தெருவில் அதைப்பற்றி எண்ணவே வேண்டாம்.

தறித்தெருவுக்கு ஒரு தனிக்குறிப்பு. பாவு இன்று பெரும்பாலும் சுற்றியே வருகிறது. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் காட்சி அருகிவிட்டது. ஆயினும் பல ஊர்களில் பாவடி என்ற பெயரோடு நீண்ட வெளிகள் இருக்கின்றன. அவற்றின் ஓரத்து மனைக்காரர் முழம் முழமாக வேலியைத் தள்ளிப்போடுவதைத் தடுக்காவிட்டால், கைத்தறி நெய்வோர்க்குப் பாவு நீட்ட மிச்சமிருக்கும் இடமும் போய்விடும். பாவடி எந்த எண்ணில், எந்த வகையில் பதிவாகியுள்ளது என்பதை அந்தந்த ஊர்ச் சங்கமே நகல் எடுத்து அலுவலகத்தில் வைத்திருப்பது நல்லது.

அனுமதி

உயிர்வேலிக்கும் கம்பிவேலிக்கும் மதிற்சுவருக்கும் ஒரே விதியன்று. செங்கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டுவது கட்டட விதிகளின் கீழ் வருகிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வெளிவந்தன. நகராட்சிகளுக்கு இருந்த 1920ஆம் ஆண்டுச் சட்டம் போய், நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று முறையில் இணையவழியே அனுமதி பெறுகிறார்கள். வீட்டு வரைபடத்திலேயே மதிலையும் வாசலையும் காட்டிவிடுவது எளிது. அனுமதித் தாள் கிடைத்ததால் எல்லை முடிவாகிவிட்டதென்று எண்ணவேண்டாம்; நாம் காட்டிய எல்லையை வைத்தே அத்தாள் வழங்கப்படுகிறது.

ஏற்கெனவே உள்ள வீட்டுக்குப் புதிதாக மதில் எழுப்புவோர், பட்டா, புலப்படம், பத்திர நகல், கையால் வரைந்த ஒரு மனைப்படம் ஆகியவற்றுடன் நகராட்சியின் நகரமைப்புப் பிரிவிலோ, பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்திலோ எழுத்துமூலம் கேட்பது நன்று. சுவரின் உயரம், தெருமுனை மனையில் விடவேண்டிய கோணவெட்டு, வாசற்கதவு தெருப்பக்கம் திறக்கலாமா என்பன அங்கே தெரியும். சாக்கடையோரத்தில் கடைக்கால் தோண்டுமுன் குடிநீர்க் குழாய் எங்கே போகிறதென்று கேட்கவேண்டும். வாய்மொழியாக ‘கட்டிக்கொள்ளுங்கள்’ என்று சொல்பவர் மாற்றலாகிப் போய்விடுவார். மனுவின் நகலில் முத்திரையோடு பெற்ற கையொப்பம் வீட்டிலேயே இருக்கும்.

செலவைக் குறைக்க நம் சங்க முறையே வழிகாட்டுகிறது. 30 அடிக்கு 60 அடி கொண்ட நான்கு மனைகள் வரிசையாக இருப்பதாகக் கொள்வோம். நால்வரும் தனித்தனியே சுற்றி அடைத்தால் 720 அடி வேலி வேண்டும். நால்வரும் சேர்ந்து, இடையிலுள்ள மூன்று எல்லைகளிலும் ஒவ்வொரு பொதுவேலி மட்டும் போட்டால் 540 அடி போதும். நாலில் ஒரு பங்கு மிச்சம்; கம்பியும் மொத்தமாக வாங்கலாம். பொதுவேலியின் காலை எல்லைக்கோட்டின் நடுவில் நடுவதென்றும், பழுதுபார்க்கும் செலவு பாதிப்பாதியென்றும் ஒரு தாளில் எழுதி இருதரப்பும் கையொப்பமிட்டுக்கொள்ள வேண்டும். அண்ணன் தம்பிக்குள்ளும் எழுதிக்கொள்வதில் வெட்கமில்லை. அவர்கள் பிள்ளைகள் காலத்தில் அத்தாள் பேசும்.

சந்தின் கதையை விட்ட இடத்துக்கு வருவோம். பெரியவர் அளவைக் கல்லிலிருந்து அரையடி உள்ளே தள்ளிக் கல்கால் நட்டார். தெருப்பக்கம் வெறுங்கம்பி, ஆற்றுப்பக்கம் நொச்சி, குறுக்குப் பக்கத்தில் மூங்கிற்படல். பத்திரத்தில் கண்ட ஒன்றேமுக்கால் அடிக்காக அவர் இன்றும் மனம் வருந்துவதுண்டு. விற்றவரின் வாரிசுகளைக் கேட்கப் போவதாகச் சில நாட்களில் கூறுவார். எதிர்வீட்டாருக்கு வருவாய்த்துறையின் முன்னறிவிப்பு வந்தது. துவைக்கும் கல்லை அவர்களே அகற்றிவிட்டனர். படிக்கட்டைப் பற்றி மேல்முறையீடு செய்திருக்கின்றனர். சென்ற ஆடிப் பதினெட்டன்று முளைப்பாரி எடுத்த பெண்கள் அச்சந்தில் இருவர் இருவராக இறங்கிச் சென்றார்கள். படிக்கட்டுக்கு நேரே வந்தபோது மட்டும் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள்.